கோலியாத் ஆறு முழமா, நான்கு முழமா? பழைய எபிரேயச் சுவடிகளைப் படிக்கப் புறப்படுபவர்களுக்கு

தாவீது கவண்கல்லால் வீழ்த்திய கோலியாத்தின் உயரம் எவ்வளவு? தமிழ் விவிலியத்தில் சாமுவேலின் முதல் நூல், பதினேழாம் அதிகாரத்தைத் திறந்தால் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று இருக்கும். முழத்துக்கு ஒன்றரை அடி வைத்தால் ஒன்பதே முக்கால் அடி. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் மலையில் 1952இல் கண்டெடுத்த நான்காம் குகைச் சுருள் ஒன்று அதே இடத்தில் நான்கு முழமும் ஒரு ஜாணும் என்கிறது. ஆறே முக்கால் அடி. பஸ்ஸில் ஏறினால் தலையைக் குனிந்து நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபசும் நான்கு முழத்தின் பக்கம்தான்.

எது முந்தைய வாசகம், எது பின்னால் வந்தது, ஏன் மாறியது என்று கேட்டுக்கொண்டே ஆயுளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குள் எப்படி நுழைவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பேராசிரியர் ஆக நினைப்பவருக்கும் உதவும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒதுக்கக்கூடியவருக்கும் உதவும். முதல் நான்கு படிகள் இருவருக்கும் ஒன்றே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைக்கப்பட்ட ரகசியம், மதத்தையே புரட்டிப்போடும் சுருள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்தால் ஏமாந்து போவீர்கள். இங்கே பெரும்பாலும் ஒரு எழுத்தின் வால் எங்கே முடிகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு.

முதல் படி: எந்தக் குவியல் என்று முடிவு செய்யுங்கள்

பழைய யூதச் சுவடிகள் என்றால் பெரிதாக மூன்று குவியல்கள்.

முதலாவது சாக்கடல் சுருள்கள். 1947 வாக்கில் ஆடு மேய்த்த பெடுயின் இளைஞர்கள் முதல் குகையைக் கண்டார்கள். 1956க்குள் பதினொரு குகைகள். கிமு மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கிபி முதல் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட, ஏறத்தாழ 900க்கும் மேற்பட்ட சுவடிகளின் மிச்சம். மிச்சம் என்று சொல்லக் காரணம் உண்டு. முழுசாகக் கிடைத்தவை கைவிரல் எண்ணிக்கைதான். மற்றதெல்லாம் நகத்தளவு, உள்ளங்கையளவுத் துண்டுகள்.

இரண்டாவது கெய்ரோ கெனிசா. இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பது யூத வழக்கம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிப்பட்ட தாள்களைப் போட்டுவைக்க ஓர் அறை இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கி வந்த ஒரு தாளை சாலமோன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் கேம்பிரிட்ஜில் பார்த்தார். எபிரேய மூலம் தொலைந்துபோனதாக நினைத்திருந்த பென் சீரா என்ற பழைய ஞான நூலின் தாள் அது! அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் கெய்ரோ போனார். அவர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியவை ஏறத்தாழ 1,93,000 துண்டுகள். வேதம் மட்டும் இல்லை. கடை பில், திருமண ஒப்பந்தம், கடிதம் எல்லாம் கலந்து கிடக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் குடியிருந்து மிளகும் வெண்கலமும் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற துனிசிய யூத வணிகரின் கடிதங்களும் அதில் உண்டு. இந்தியக் கடல் வணிகத்தில் ஆர்வம் இருப்பவர் நேரே இங்கே வரலாம்.

மூன்றாவது, உயிர்க்குறிகளோடும் ஓரக்குறிப்புகளோடும் எழுதப்பட்ட இடைக்கால ஏடுகள். சுமார் 930இல் எழுதிய அலெப்போ ஏடு, 1008 வாக்கில் முடித்து இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராடு ஏடு. இன்று மாணவர்கள் கையில் வைத்திருக்கும் அச்சு எபிரேய விவிலியம் பெரும்பாலும் லெனின்கிராடு ஏட்டை வைத்து அச்சிட்டதே. அலெப்போ ஏட்டில், சிரியாவின் அலெப்போ நகரில் 1947இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கணிசமான தாள்கள் இல்லை.

மூன்றையும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள். இனி நான் சொல்லப்போவது முதல் குவியலை வைத்து. எனக்குப் பிடித்தது அதுதான், வேறு காரணம் இல்லை.

இரண்டாம் படி: எழுத்தை விரலுக்குக் கொண்டுவாருங்கள்

எபிரேயத்துக்கு இருபத்திரண்டு எழுத்து. எல்லாமே மெய். வலமிருந்து இடம். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். இதைப் பதினைந்து நாளில் பிடித்துவிடலாம். ஆனால் கண்ணால் பார்த்துப் பழகினால் போதாது. ஒவ்வொன்றையும் நூறு முறையாவது கையால் எழுதுங்கள். எழுத்தன், அதாவது சுவடியை எழுதியவன், எந்தக் கோட்டை முதலில் இழுத்தான், எங்கே கை தூக்கினான் என்பது எழுதிப் பார்த்தவருக்கே புலப்படும்.

சிக்கல் ஜோடிகள் மூன்று: தாலேத்தும் ரேஷும், ஹேயும் ஹேத்தும், வாவும் யோதும். நம் ஓலைச்சுவடியில் காலையும் ரகரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் விழித்தவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. தாலேத்துக்கு வலது மேல்மூலை கொஞ்சம் முனையாக நீளும், ரேஷுக்கு வளைந்துவிடும். வேறுபாடு அவ்வளவே. ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் ‘தோதானீம்’ என்று வரும் இனத்தார், நாளாகமத்தின் முதல் நூலில் அதே பட்டியல் வரும்போது ‘ரோதானீம்’ ஆகிறார்கள். யாரோ ஒருவர் மூலையைச் சரியாகப் பார்க்கவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு ரோதுத் தீவினர் என்கிறது, எனவே ரேஷுக்கே பலம் அதிகம்.

வாவும் யோதும் இன்னும் மோசம். அச்சில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. சுருளில் பல கையெழுத்துகளில் இரண்டும் ஒரே உயரம். ‘ஹூ’ என்றால் அவன், ‘ஹீ’ என்றால் அவள். நடு எழுத்து வாவா யோதா என்பதே வித்தியாசம். நான் பழகிய முதல் மாதத்தில் ஒரு பத்தி முழுக்க ஒரு பெண்ணை ஆணாக்கி வைத்திருந்தேன், அதை வைத்து ஒரு விளக்கமும் யோசித்து வைத்திருந்தேன். பக்கத்துச் சொல்லின் வினைமுற்று பெண்பால் என்பதைக் கவனிக்கவே இல்லை. எழுத்து மயங்கினால் இலக்கணம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அடுத்த படி.

மூன்றாம் படி: மொழிகள், எந்த வரிசையில்

விவிலிய எபிரேயம் முதலில். ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் கதைப் பகுதிகளை அகராதியோடு படிக்கலாம், கவிதைக்கு இன்னொரு வருடம். சேராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இறையியல் கல்லூரிகளில் எபிரேயம் பாடமாக உண்டு. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அது பெரிய வசதி. அரபி தெரிந்தவர்களுக்கு பாதி வேலை மிச்சம். மூன்று மெய்களை வேராக வைத்துச் சொல் கட்டும் முறை இரண்டுக்கும் பொது. கிதாப் என்ற சொல்லின் வேர்தான் எபிரேயத்தில் ‘காதவ்’, எழுதினான்.

அப்புறம் அரமேயம். சுருள்களில் ஒரு நல்ல பங்கு அந்த மொழியில்தான் இருக்கிறது. எபிரேயம் பிடிபட்டவருக்கு ஆறு மாதம் போதும். அதன்பின் கிரேக்கம். இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். கோலியாத் விஷயத்தில் சுருளுக்குச் சாட்சி சொன்னது கிரேக்க மொழிபெயர்ப்புதானே. ஜெர்மன் வாசிக்கும் அளவுக்கு வேண்டும், ஏனென்றால் நூற்றைம்பது வருடச் சண்டைகளில் பாதி அந்த மொழியில் நடந்தவை.

நம்மால் முடியுமா என்று தயங்குகிறவருக்கு ஒரு பெயர் சொல்கிறேன். தகமித்சு முராவோகா. ஜப்பானியர். யூதரும் இல்லை, ஐரோப்பியரும் இல்லை. எருசலேமில் படித்து, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியராக 2003 வரை இருந்தார். விவிலிய எபிரேய இலக்கணத்துக்கு உலகமெங்கும் மாணவர்கள் புரட்டும் பெரிய நூலில் அவர் கை உண்டு. ஓய்வு பெற்றபின், போர்க்காலத்தில் ஜப்பானால் துன்பப்பட்ட ஆசிய நாடுகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை போய்ச் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார்.

மத நம்பிக்கை வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டியதில்லை, தடையும் இல்லை. கத்தோலிக்கப் பாதிரியார்கள், ராபிகள், எதையும் நம்பாதவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே யோதுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

நான்காம் படி: பதிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. என் கணக்கில் இந்தத் துறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர். 4கியூ51 என்றால் நான்காம் குகை, கும்ரான், ஐம்பத்தொன்றாம் சுவடி. நம் கோலியாத் அதில்தான் இருக்கிறான். எண் தெரியாமல் ‘ஒரு சுருளில் சொல்லியிருக்கிறது’ என்று யாராவது பேசினால், எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே காணாமல் போய்விடுவார்கள்.

சுருள்களின் அதிகாரபூர்வப் பதிப்பு ஆக்ஸ்போர்டு வெளியிட்ட நாற்பது தொகுதித் தொடர், சுருக்கமாக டிஜேடி. முதல் தொகுதி 1955இல் வந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் சதுர அடைப்புக்குறிகள் நிறைந்து கிடக்கும். அடைப்புக்குள் இருப்பது சுருளில் இல்லை. தோல் அழிந்துபோன இடத்தை மற்ற சுவடிகளை வைத்துப் பதிப்பாசிரியர் நிரப்பியிருக்கிறார். அடைப்புக்கு வெளியே இருப்பதே கண்ணுக்குத் தெரிவது.

அதிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை. எழுத்தின் தலையில் புள்ளி இருந்தால், பாதி அழிந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் இந்த எழுத்துதான். புள்ளிக்குப் பதில் சிறு வட்டம் இருந்தால், மிச்சமிருக்கும் மைத்தடம் இதற்குப் பொருந்தலாம், அடித்துச் சொல்ல முடியாது. நம் மெய்யெழுத்துப் புள்ளி ஞாபகத்தில் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு பதிப்பாசிரியர் வட்டம் போட வேண்டிய இடத்தில் புள்ளி போட்டுவிட்டால், அடுத்து வருபவர் புள்ளியையும் கவனிக்காமல் மேற்கோள் காட்டிவிட்டால், பத்து வருடத்தில் இல்லாத ஒரு சொல் இருப்பதாக ஆகிவிடும்.

பயிற்சி சொல்கிறேன். ஒரு துண்டின் அச்சுப் பக்கத்தை நகலெடுத்து, அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். வட்டம் போட்ட எழுத்துகளையும் அடியுங்கள். மிச்சத்தை வாசியுங்கள். மொழிபெயர்ப்பில் கடல்போல ஓடிய பத்தி, சில சமயம் ஏழெட்டுச் சொல்லாகச் சுருங்கிவிடும். அந்த ஏழெட்டுச் சொல்தான் உங்களிடம் உள்ள ஆதாரம்.

ஐந்தாம் படி: படத்தைப் பாருங்கள், பழைய படத்தையும் பாருங்கள்

ஒரு காலத்தில் இதற்கு எருசலேம் போக வேண்டும், போனாலும் கெஞ்ச வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். இஸ்ரேல் தொல்பொருள் துறையின் லியோன் லெவி மின்நூலகம் 2012இல் திறந்தது. பல அலைவரிசை ஒளியில் எடுத்த துல்லியமான படங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் பெரிய சுருள்கள் 2011 முதல் தனியாக இணையத்தில் இருக்கின்றன. கெனிசாவுக்கு கேம்பிரிட்ஜ் மின்நூலகம், மற்ற எபிரேயச் சுவடிகளுக்கு இஸ்ரேல் தேசிய நூலகத்தின் க்தீவ் தளம்.

புதிய படம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் எதற்கு? எருசலேமின் ராக்ஃபெல்லர் அருங்காட்சியகத்தில் 1953 முதல் இளம் அறிஞர்கள் சிலர் ஒரு நீண்ட அறையில் மேசைகளைப் போட்டு, ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து ஒட்டுப் பொருத்தம் பார்த்தார்கள். பொருந்திய துண்டுகளை எதால் ஒட்டினார்கள் தெரியுமா? செல்லோ டேப்பால்! அன்று அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. அந்தப் பசை தோலில் ஊறி, கறுத்து, ஓரங்களைத் தின்றது. 1991 முதல் எருசலேம் பாதுகாப்புக் கூடத்தில் அந்த டேப்பை இம்மி இம்மியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பல துண்டுகளின் விளிம்பில் இருந்த எழுத்து போய்விட்டது. அந்த எழுத்து இன்று உயிரோடு இருப்பது நஜீப் அல்பினா என்ற புகைப்படக் கலைஞர் ஐம்பதுகளில் அகச்சிவப்புப் படலத்தில் எடுத்த படங்களில் மட்டும்தான். ஆகவே இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மையா, தோலின் நிழலா, புழு தின்ற ஓட்டையா என்று சந்தேகம் வந்தால் வண்ணப் படத்துக்கும் அகச்சிவப்புப் படத்துக்கும் மாறி மாறிப் போங்கள். கரி மை அகச்சிவப்பில் கறுப்பாகவே நிற்கும், கறுத்த தோல் வெளுத்துவிடும்.

ஆறாம் படி: தொழிலாக எடுத்துக்கொள்வதென்றால்

முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு வெளிநாடு போக வேண்டும். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லைடன், 1961 முதல் கும்ரானுக்கென்றே தனி ஆய்வகம் வைத்திருக்கும் குரோனிங்கன், அமெரிக்காவில் நோட்ர டாம், நியூயார்க் பல்கலைக்கழகம். கல்லூரியின் பெயரைவிட யார் வழிகாட்டுகிறார் என்பதைப் பாருங்கள். வேலைகள் மிகக் குறைவு. முழுநேர வேலை கிடைக்காமல் ஒப்பந்த வேலையிலேயே வருடங்கள் ஓடலாம். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வாழ்க்கை எப்படிப் போகும் என்று பார்க்க இம்மானுவேல் டோவை எடுத்துக்கொள்ளலாம். 1941இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். நாஜிகள் பெற்றோரைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. குழந்தையை ஒரு கிறிஸ்தவக் குடும்பம் மறைத்து வளர்த்தது. 1961இல் இஸ்ரேல் போனார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்தது பரபரப்பான சுருள் எதையும் இல்லை. எரேமியா நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் பின்னால் என்ன எபிரேயச் சொல் இருந்திருக்கும் என்று துருவும் சலிப்பான வேலை. ஆனால் சுருள்களைத் தொடும்போது அந்தச் சலிப்பான வேலைதான் கைகொடுத்தது. 1990இல் சாக்கடல் சுருள்களின் பதிப்புக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது.

அப்போது நிலைமை படுமோசம். நான்காம் குகைத் துண்டுகள் எடுத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, பாதி அச்சேறவில்லை. கையில் வைத்திருந்த சிலர் தாங்களும் முடிக்கவில்லை, மற்றவருக்கும் காட்டவில்லை. 1991இல் அமெரிக்க அறிஞர் பென் சியோன் வாக்கோல்டரும் அவர் மாணவர் மார்ட்டின் அபெக்கும் ஒரு வேலை செய்தார்கள். குழுவினர் தங்களுக்கென்று தயாரித்த சொல்லடைவு ஒன்று இருந்தது; எந்தச் சொல் எந்தச் சுவடியில் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பின்னாலிருந்து கோத்து, மூலத்தையே திரும்பக் கட்டி வெளியிட்டுவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த சுருள்களின் புகைப்படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பூட்டு போன இடம் தெரியவில்லை. டோவ் செய்தது, வேலையைப் பல புதியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துக் கெடு வைத்ததுதான். தொடரின் பெரும்பகுதித் தொகுதிகள் அவர் காலத்தில்தான் வெளிவந்தன.

வந்த வேகத்தில் ஒரு சுவடியை உங்கள் சொத்தாக்கிக்கொள்ள நினைக்காதீர்கள் என்று இதை வைத்துச் சொல்லலாம். நடைமுறையில் ஒரு சின்ன விஷயமும் உண்டு: கணினி தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் இடம் உண்டு. சாக்கடல் ஓரத்து என்-கெதியில் 1970இல் கிடைத்த, தொட்டால் பொடியாகும் கரிக்கட்டைச் சுருளை, கணினி அறிஞர் பிரென்ட் சீல்ஸின் குழு விரிக்காமலே ஸ்கேன் செய்து 2015இல் படித்துக் காட்டியது. உள்ளே லேவியராகமம். குரோனிங்கன் குழு, பெரிய ஏசாயாச் சுருளை ஒருவர் அல்ல, இருவர் எழுதினார்கள் என்று 2021இல் கையெழுத்துக் கணக்கீட்டால் காட்டியது. ஆடும் மாடும் கூட சாட்சி சொல்கின்றன. 2020இல் துண்டுகளின் மரபணுவைப் பார்த்து, எது ஆட்டுத்தோல், எது மாட்டுத்தோல் என்று பிரித்தார்கள். வெவ்வேறு விலங்கென்றால் ஒரே சுருளாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஏழாம் படி: போலி

விற்பனைக்கு வரும் துண்டு என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 2002க்குப் பிறகு சந்தையில் புதிய துண்டுகள் வரிசையாக வந்தன. வாஷிங்டனில் உள்ள விவிலிய அருங்காட்சியகம் வைத்திருந்த பதினாறு துண்டுகளும் போலி என்று 2020இல் ஆய்வு சொன்னது. தோல் பழையதே, மை புதியது. தோலில் ஏற்கெனவே இருந்த வெடிப்புக்குள் மை வழிந்து இறங்கியிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எழுதும்போது அந்த வெடிப்பு இருந்திருக்காதே. எங்கே கிடைத்தது என்ற வரலாறு இல்லாத துண்டைப் பற்றி எழுதவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

இன்று இரவே செய்யக்கூடியது

இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தளத்தில் பெரிய ஏசாயாச் சுருளின் படத்தைத் திறங்கள். ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள் (செய்தித்தாளில் வருவதுபோல மேலிருந்து கீழே ஓடும் பத்திகள்). முப்பத்து மூன்றாம் பத்திக்குப் போங்கள். மேலிருந்து ஆறேழு வரி தள்ளி, இரண்டு வரிக்கு இடையில் வேறொரு கை நெருக்கி நெருக்கி எழுதியிருப்பது தெரியும். இடம் போதாமல் அது இடது ஓரத்தில் கீழே இறங்கும். எழுத்து தெரியாதவர் கண்ணுக்கும் இது தப்பாது.

அந்த இடம் ஏசாயா நாற்பதாம் அதிகாரம், ஏழு எட்டு வசனங்கள். ‘புல் உலர்ந்து பூ உதிரும்’ என்பது இரண்டு வசனத்திலும் தொடக்கத்தில் வருகிறது. முதல் எழுத்தன் ஒன்றை எழுதி, மையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கண் இரண்டாவதில் விழுந்திருக்கிறது. நடுவில் இருந்தது விட்டுப்போயிற்று. நோட்டுப்புத்தகத்தில் பாடம் பார்த்து எழுதிய எவருக்கும் இது நடந்திருக்கும். பின்னால் வந்தவர் அதைச் செருகினார். அந்தச் செருகலில் இறைவன் பெயர் வர வேண்டிய இடத்தில் எழுத்து இல்லை, வரிசையாக நான்கு புள்ளிகள் மட்டும். பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. படத்தைப் பெரிதாக்கி அந்த நான்கையும் எண்ணிவிட்டு, தாளும் பென்சிலும் எடுத்து தாலேத்திலிருந்து ஆரம்பியுங்கள்.